வாய் திறவாத வகுப்பு

அமெரிக்காவில் ஒரு மதராஸ் இருக்கிறது. ஒரிகன் மாகாணத்தின் நடுப்பாகத்தில், மேட்டு நிலத்தில் அமைந்த சிறு பட்டணம். நம் ஊரிலிருந்து கப்பலேறிப் போன பருத்தித் துணியின் பெயரையே அந்தப் பட்டணத்துக்கு வைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. நம்முடைய மதராஸ் 1996-ல் சென்னையாகிவிட்டது. அந்த மதராஸோ இன்றைக்கும் மதராஸாகவே இருந்து வருகிறது!

இந்த வேடிக்கைக்காக மட்டும் அந்த ஊரை நாம் இங்கே இழுக்கவில்லை. அதற்குச் சுமார் பதினைந்து மைல் தூரத்தில், டெஷூட்ஸ் நதிக்கு அப்பால், வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் பிரதேசம் இருக்கிறது. வாஸ்கோ, வார்ம் ஸ்பிரிங்ஸ், பையூட் என்னும் மூன்று பூர்வகுடி ஜனங்கள் வாழும் இடம் அது. முதல் இரண்டு ஜனங்களும் 1855-ஆம் வருஷத்து உடன்படிக்கையில் சுமார் ஒரு கோடி ஏக்கர் நிலத்தை அமெரிக்க சர்க்காருக்கு விட்டுக் கொடுத்துவிட்டு, தங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட இந்த நிலத்துக்குள் ஒடுங்கினார்கள். பையூட்டுகள் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். இத்தகைய நிலத்துக்கு அந்தத் தேசத்தில் ரிசர்வேஷன் என்று பெயர். 1960-களிலே இந்த ரிசர்வேஷனின் குழந்தைகள் ஆறாம் வகுப்பு வரையில் சொந்த ஊர்ப் பாடசாலையில் படித்தார்கள். ஏழாம் வகுப்புக்கு மதராஸ் பட்டணத்துக்குப் போய், வெள்ளைக்காரக் குழந்தைகளுடன் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்த குழந்தைகள் பெரும்பாலும் வாயைத் திறக்கவில்லை. உபாத்தியாயர்கள் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்து கொண்டார்கள்.

"இவர்களுக்கு ஒன்றும் தெரியாது, கூச்சம் வேறு" என்று உபாத்தியாயர்கள் தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானம் சரிதானா என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இந்த ஜனங்களைச் 'செவ்விந்தியர்' என்று தமிழில் எழுதுவது நெடுநாள் வழக்கம். திசை தப்பிப் போன கொலம்பஸ் செய்த பிழையோடு தோலின் நிறத்தையும் சேர்த்துக் கட்டிய பெயர் அது, அவர்களுக்கு உவப்பானதல்ல. ஆகையால் பூர்வகுடிகள் என்றே நாம் எழுதுவோம்.

பூர்வகுடிக் குழந்தைகளுக்குக் கல்வி என்ற பெயரில் நடந்த காரியங்களை நினைத்தால் நெஞ்சு பதறும். 1879-ஆம் வருஷத்தில் ரிச்சர்ட் பிராட் என்னும் ராணுவ அதிகாரி பென்சில்வேனியா மாகாணத்தில், கார்லைல் என்ற ஊரிலே, பழைய படை முகாம் ஒன்றில் பள்ளிக்கூடம் திறந்தார். பல நூறு மைல்களுக்கு அப்பாலிருந்து குழந்தைகளைக் கொண்டுவந்து, தலைமயிரை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழி பேசினால் தண்டனை கொடுத்துப் படிப்புச் சொல்லித் தந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடம் 1918-ல் மூடப்பட்டது. ஆனால் அதைப் பார்த்து ஏற்பட்ட பள்ளிக்கூடங்கள் அமெரிக்காவில் எத்தனையோ! கானடாவில் இத்தகைய விடுதிப் பள்ளிகளில் ஒரு லட்சத்து ஐம்பதினாயிரம் குழந்தைகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார்கள். வீடு திரும்பாமலே மாண்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். கானடா பிரதம மந்திரி 2008-லும், அமெரிக்க ஜனாதிபதி 2024-லும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். தாத்தாவுக்கும் பாட்டிக்கும் இப்படிப்பட்ட பள்ளிக்கூடம் வாய்த்திருந்தால், பேரக் குழந்தை பள்ளிக்கூட வாசலிலே துள்ளிக் குதித்துக் கொண்டா நிற்கும்?

இனி வார்ம் ஸ்பிரிங்ஸுக்குத் திரும்புவோம். 1960-களின் பிற்பகுதியில் ஸூஸன் பிலிப்ஸ் என்ற இளம் பெண்மணி அங்கே வந்து சேர்ந்தார். மனித சமூகங்களின் பழக்க வழக்கங்களை ஆராய்வது அவருடைய படிப்பு. உபாத்தியாயர்களைக் கேட்டு எழுதிக் கொண்டு போய்விடாமல், வகுப்பின் பின்வரிசையிலே உட்கார்ந்து நாள் கணக்காக, மாதக் கணக்காகக் கவனித்தார். வகுப்பு முடிந்த பின்னர் குழந்தைகளின் வீடுகளிலும் ஊர்க் கூட்டங்களிலும் கவனித்தார். தாம் கண்டதை 1972-ல் ஒரு கட்டுரையாகவும், 1983-ல் ஒரு புத்தகமாகவும் வெளியிட்டார். புத்தகத்தின் பெயரைத் தமிழில் 'கண்ணுக்குப் புலப்படாத பண்பாடு' என்று சொல்லலாம்.

அவர் கண்ட விஷயம் இது. உபாத்தியாயினி வகுப்பின் முன்னால் நின்று எல்லோரையும் பார்த்துப் பேசி, நடுவிலே ஒரு குழந்தையைப் பெயர் சொல்லி எழுப்பிக் கேள்வி கேட்டால், பூர்வகுடிக் குழந்தை ஊமையாகிவிடும். நாலைந்து பேரைத் தம்மைச் சுற்றி உட்கார வைத்துக் கொண்டு ஒவ்வொருவராகப் படிக்கச் சொன்னாலும் அதே கதிதான். ஆனால் அவரவர் இடத்தில் அவரவர் வேலையைச் செய்யச் சொல்லிவிட்டு, "சந்தேகம் இருந்தால் என்னிடம் வாருங்கள்" என்று உபாத்தியாயினி ஒதுங்கி இருந்தாரானால், அதே குழந்தைகள் தயக்கமில்லாமல் எழுந்து வந்து சந்தேகம் கேட்டார்கள். வெள்ளைக்காரக் குழந்தைகளைக் காட்டிலும் அதிகமாகவே கேட்டார்கள்! தாங்களே கூடி ஒரு வேலையைச் செய்து முடிக்கும்படி விட்டாலோ, அவர்களுடைய உற்சாகத்தைச் சொல்ல வேண்டியதில்லை. யார் தலைவர், யார் சொல்வதை யார் கேட்பது என்று வெள்ளைக்காரக் குழந்தைகள் தர்க்கம் செய்து கொண்டிருக்கும் நேரத்துக்குள், தலைவரே இல்லாமல் பூர்வகுடிக் குழந்தைகள் வேலையைப் பாதிக்கு மேல் முடித்து விடுவார்கள்.

ஒரே குழந்தை, ஒரே பாடம். உட்கார வைத்த முறை மட்டுந்தான் வேறு. ஒரு முறையில் மந்தம். இன்னொரு முறையில் கெட்டிக்காரத்தனம். அப்படியானால் மந்தம் எங்கே இருந்தது?

இதற்கு விடையை ஸூஸன் பிலிப்ஸ் பாடசாலையிலே தேடவில்லை, வீட்டிலே தேடினார். அங்கே ஒரு பெண் குழந்தை சமையலோ, மணி கோத்து அலங்கார வேலை செய்வதோ கற்றுக் கொள்ள வேண்டுமானால், யாரும் அதை முன்னால் நிறுத்திப் பிரசங்கம் செய்வதில்லை. பெரியவர்கள் செய்வதைக் குழந்தை பார்த்துக் கொண்டே இருக்கிறது. பிறகு பெரியவர்களின் கண்ணெதிரில் வேலையில் ஒரு சிறு பகுதியைத் தானாக எடுத்துச் செய்கிறது. அதன் பின்னர், யாரும் பார்க்காத வேளையில், தனியே முழுவதையும் செய்து தன்னைத் தானே பரீட்சித்துக் கொள்கிறது. தோற்றால் தோல்வி யாருக்கும் தெரியாது. கை நன்றாகப் படிந்துவிட்டது என்று தனக்கே நிச்சயமான பிறகுதான், "இதோ, நான் செய்தது" என்று கொண்டுவந்து காட்டுகிறது. ஊர்க் கூட்டத்திலும் அதே முறைதான். பேச வேண்டும் என்று தோன்றியவர் எழுந்து பேசுவார். இன்னார் பேச வேண்டும் என்று ஒருவரைக் கை காட்டி எழுப்பும் வழக்கம் கிடையாது.

பாடசாலை இதை அப்படியே தலைகீழாக்குகிறது. அங்கே கற்றுக் கொள்வதற்கு முன்பே பரீட்சை! அரைகுறையாகத் தெரிந்ததை நாற்பது பேருக்கு முன்னால் சொல்லிப் பார், பிழையானால் நான் திருத்துகிறேன், அவர்கள் சிரிக்கட்டும் என்பதே வகுப்புக் கேள்வியின் தர்மம். நம்மில் எத்தனையோ பேர் அதற்குப் பழகிப் போனோம். பழகிப் போனதனாலேயே அது இயற்கை என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம்.

ஏன், நம் வீட்டுப் பெண்கள் கோலம் போடக் கற்றுக் கொண்டது எப்படி? எந்தத் தாயாராவது, "இப்போது புள்ளிக் கோலத்தின் இலக்கணத்தைச் சொல்லு பார்க்கலாம்" என்று கேட்டதுண்டா? ஆனால் உடனே, "நம் முன்னோர் கண்ட முறையல்லவா இது!" என்று நேயர்கள் மீசையை முறுக்கிக் கொள்ள வேண்டாம். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நடந்தது வேறு. உரக்கக் கத்தி ஒப்பிப்பதும், ஒப்பிக்காவிட்டால் பிரம்படியும்!

பார்த்துக் கற்பது ஒரு திறமை என்பதற்கு அழகான சான்று ஒன்று உண்டு. மத்திய அமெரிக்காவில் குவாட்டமாலா என்னும் தேசத்தில், ஓர் ஏரிக்கரையில், ஸான் பெத்ரோ என்ற மாயா ஊர் இருக்கிறது. பார்பரா ரோகாஃப் என்ற பேராசிரியை பல வருஷ காலமாக அந்த ஊரோடு பழகி ஆராய்ந்தவர். அவரும் மரிசெலா கொரெயா சாவேஸ் என்பவரும் சேர்ந்து செய்த பரிசோதனையின் முடிவுகள் 2009-ல் வெளியாயின. இரண்டு உடன்பிறப்புக்களை அழைத்து, ஒரு குழந்தைக்கு மட்டும் பொம்மை செய்யக் கற்றுக் கொடுத்தார்கள். மற்றொன்றுக்கு, "உன் முறை பிறகு வரும், நீ வேறு பொம்மை செய்யப் போகிறாய்" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அதைப் பார்க்கும்படி யாரும் சொல்லவில்லை. சில நாட்களுக்குப் பிறகு, சும்மா உட்கார்ந்திருந்த குழந்தையைக் கூப்பிட்டு முதல் பொம்மையையே செய்யச் சொன்னார்கள். பழைய முறைப்படி வளர்ந்த மாயாக் குழந்தைகள் அதிக உதவியின்றிச் செய்துவிட்டார்கள். தங்களுக்குச் சம்பந்தமில்லாத பாடத்தை அவ்வளவு கூர்ந்து பார்த்திருந்தார்கள். அமெரிக்க வெள்ளைக்காரக் குழந்தைகள் அந்த நேரத்தில் பராக்குப் பார்த்திருந்தார்கள். ஆகவே கூடுதலாக உதவி வேண்டியிருந்தது. அதே மாயா ஊரில், தாயார் பள்ளிக்கூடத்தில் அதிக வருஷம் படித்திருந்த வீட்டுக் குழந்தைகளின் கவனம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது! இந்தக் கடைசிச் செய்தியை நேயர்கள் சற்று மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். இது இரத்தத்தில் ஊறிய குணமல்ல, வளர்ப்பினால் வருவது.

இதை மறந்தவர்கள் பெரிய தவறு ஒன்றைச் செய்தார்கள். பூர்வகுடிக் குழந்தைகள் கண்ணால் கற்பவர்கள், அவர்களுடைய மூளையின் வலது பாகமே ஓங்கியது, சொல்லும் தர்க்கமும் அவர்களுக்கு வராது, ஆகையால் படம் காட்டினால் போதும் என்று ஒரு சித்தாந்தம் 1970-களிலும் 80-களிலும் பரவிற்று. அனுதாபத்தோடுதான் பரப்பினார்கள். முன்னே 'மந்தம்' என்று சொன்னவர்கள் இப்போது 'வலது மூளை' என்று சொன்னார்கள். குழந்தை உட்கார்ந்திருந்த கடைசி பெஞ்சு என்னவோ மாறவில்லை. ஒனைடா ஜனத்தைச் சேர்ந்த ரோலண்ட் கிரிஸ்ஜான் என்ற மனோதத்துவ அறிஞரும் அவருடைய சகாவும் 1986-ல் இந்தச் சித்தாந்தத்துக்கு ஆதாரம் கிடையாது என்று பலமாகக் கண்டித்து எழுதினார்கள். 1991-ல் அலாஸ்காவைச் சேர்ந்த ஜூடித் கிளைன்ஃபெல்டும் இன்னொருவரும் அதுவரை நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் சலித்துப் பார்த்து, கண்ணால் கற்பவர்கள் என்று கருதிப் பாடத்தை மாற்றியதனால் குழந்தைகள் அதிகமாகக் கற்றதற்குச் சான்று அநேகமாய் இல்லை என்று சொன்னார்கள். உலகத்துக் குழந்தைகளையெல்லாம் கண் வழி, செவி வழி, கை வழி என்று ரகம் பிரித்துப் பாடம் சொல்லும் முறைக்கும் ஆதாரம் போதாது என்று 2008-ல் நான்கு மனோதத்துவ நிபுணர்கள் எடுத்துக் காட்டினார்கள்.

பழங்குடிக் குழந்தைகள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் என்ற எண்ணத்தைத் தகர்த்த கதை ஒன்று உண்டு. ஹவாய்த் தீவில் காமெஹாமெஹா பள்ளிகள் என்று ஒரு ஸ்தாபனம் இருக்கிறது. ஹவாய் அரச வம்சத்தைச் சேர்ந்த பெர்னிஸ் பௌவாஹி பிஷப் என்ற சீமாட்டி எழுதி வைத்த உயிலின்படி 1887-ல் ஏற்பட்டது. அந்த ஸ்தாபனத்தார் 1970-களின் ஆரம்பத்தில் ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். ஹவாய்க் குழந்தைகள் அப்போது வாசிப்பிலே மிகவும் பின்தங்கியிருந்தார்கள். வீட்டிலே அந்தக் குழந்தைகள் கதை பேசும்போது ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து, இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே கதையைப் பின்னுவார்கள். வகுப்பிலோ, "கையைத் தூக்கு, ஒவ்வொருவராய்ப் பேசு!" ஆகவே வாசிப்புப் பாடத்தில் அந்த விதியைத் தளர்த்தி, வீட்டுப் பேச்சைப் போலவே பேச விட்டார்கள். அண்ணன் அக்காமாரிடம் வளர்ந்த குழந்தைகளாதலால், ஆணும் பெண்ணுமாக நாலைந்து பேரைக் குழுவாக உட்கார வைத்தார்கள். வாசிப்பு வியக்கத் தக்கபடி முன்னேறிற்று.

முறை வெற்றியடைந்தது. இனி மற்றப் பூர்வகுடிகளுக்கும் இதையே கொண்டு போகலாமே! 1983-ல் அரிஸோனா மாகாணத்தின் ரஃப் ராக் என்னும் ஊருக்குக் கொண்டு போனார்கள். அங்கே 1966-ல் நவஹோ ஜனங்கள் தங்கள் சொந்த நிர்வாகத்தில் ஏற்படுத்திக் கொண்ட புகழ்பெற்ற பாடசாலை இருந்தது. ஹவாயில் ஜெயித்த முறை அங்கே முட்டி நின்றது. நவஹோப் பையன்களும் பெண்களும் ஒரே குழுவில் உட்கார்ந்து பேச மாட்டோம் என்றார்கள். வயது வந்த அண்ணன் தங்கைகள்கூட ஒதுங்கிப் பழகும் சமூகம் அது. ஒரே பாலாரை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்த பின்னர் வேலை நடந்தது. ஒருவர் பேச்சில் ஒருவர் புகுவது அங்கே மரியாதைக் குறைவு. ஒரு குழந்தை நிதானமாகப் பேசி முடிக்கும் வரையில் மற்றவர்கள் பொறுத்திருப்பார்கள். ஹவாயில் கதையைத் துண்டு துண்டாக நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். நவஹோக் குழந்தைகளோ, முதலில் கதை முழுவதும் தெரிய வேண்டும், பிறகு பேசுவோம் என்றார்கள்.

தோல்வி என்று சொல்லக்கூடிய இந்த அநுபவத்தையும் மறைக்காமல் அவர்கள் எழுதி வெளியிட்டார்களே, அதுதான் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அப்படியானால் உபாத்தியாயர் என்னதான் செய்வது? முதலில், கொஞ்சம் காத்திருக்கலாம். மேரி பட் ரோ என்ற அம்மையார் 1970-களில் அமெரிக்க வகுப்புக்களில் கடிகாரத்தை வைத்துக் கொண்டு கணக்கெடுத்தார். கேள்வி கேட்ட உபாத்தியாயர் விடைக்காகக் காத்திருந்த நேரம் சுமார் ஒரு விநாடி! அதை மூன்று விநாடியாக ஆக்கியவுடனே விடைகள் நீண்டன. எப்போதும் பேசாத குழந்தைகளும் பேசினார்கள். செலவில்லாத சீர்திருத்தம் இதைவிட வேறு எது? கானடாவில் ஒடாவா ஜனக் குழந்தைகளின் இரண்டு வகுப்புக்களை எரிக்ஸன், மொஹாட் என்னும் இருவர் ஆராய்ந்து 1982-ல் எழுதினார்கள். ஒரு வகுப்பின் உபாத்தியாயினி அதே ஜனத்தைச் சேர்ந்தவர். இன்னொரு வகுப்பின் உபாத்தியாயர் வெளியார். அந்த அம்மாள் தூரத்திலிருந்து பெயர் சொல்லிக் கூவி யாரையும் அதட்டுவதில்லை. பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்வார். நடையும் பேச்சும் நிதானம். வெளியாரான உபாத்தியாயர் யாரும் போதிக்காமலே, அந்த வருஷம் முடிவதற்குள் இதே பாணிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்துவிட்டார். அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் அவருடைய மாணாக்கர்களே என்று சொல்ல வேண்டும்.

ஆனால் அன்பு காட்டினால் போதும் என்பதல்ல. முன்னே சொன்ன ஜூடித் கிளைன்ஃபெல்டு 1975-லேயே அலாஸ்காவின் பூர்வகுடிக் குழந்தைகளிடம் வெற்றி பெற்ற உபாத்தியாயர்கள் யார் என்று ஆராய்ந்திருந்தார். சொந்த மனிதரைப் போல் நெருங்கிப் பழகி, அதே சமயத்தில் படிப்பிலே துளியும் விட்டுக் கொடுக்காமல் வேலை வாங்கியவர்களே அவர்கள். "பாவம், இந்தக் குழந்தைகளுக்கு இவ்வளவு போதும்" என்று இரக்கப்பட்டுப் பாடத்தைக் குறைத்தவர்களிடம் குழந்தைகள் கற்கவில்லை. நியூஸிலாந்திலே 2001-ல் ரஸ்ஸல் பிஷப் என்ற மாவோரி அறிஞரும் அவருடைய கூட்டத்தாரும் மாவோரி மாணவர்களையே நேரில் கேட்டார்கள். உபாத்தியாயர் எங்களோடு எப்படிப் பழகுகிறார் என்பதைப் பொறுத்தே எங்கள் படிப்பு என்றார்கள் மாணவர்கள். உபாத்தியாயர்களைக் கேட்டபோதோ பெரும்பாலோர், வீடு சரியில்லை என்று பழியை வீட்டின் மேல் போட்டார்கள்!

நம் தேசத்திலே 2011-ஆம் வருஷத்து ஜனக் கணிதத்தின்படி பத்துக் கோடிக்கு மேற்பட்ட பழங்குடி ஜனங்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஏறக்குறைய எட்டு லட்சம். நீலகிரியின் பணியரும், காட்டுநாயக்கரும், குறும்பரும் வீட்டில் பேசுவது பாடப் புத்தகத் தமிழ் அல்ல. ஆரம்பக் கல்வியில் தாய்மொழிக்கு வசதி செய்ய வேண்டும் என்று 1956-ல் அரசியல் சட்டத்தில் ஒரு விதி சேர்த்தோம். ஒரிஸா மாகாணத்தார் 2007-ல் பத்துப் பழங்குடி மொழிகளில் பாடம் சொல்ல ஆரம்பித்தார்கள். கைத்தொழில் வழியாகக் கல்வி என்று 1937-ல் வார்தாவில் காந்தி அடிகள் சொன்ன யோசனையையும், மலைக் குழந்தைகளை வீட்டை விட்டுப் பிரித்து விடுதியில் சேர்ப்பதே வழி என்று நாம் இன்னும் நம்பிக் கொண்டிருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கார்லைல் நமக்கு எவ்வளவு தூரம் என்ற சந்தேகம் வருகிறது. மலைப் பள்ளிக்கு மாற்றல் ஆனதைத் தண்டனையாக நினைக்கும் ஓர் உபாத்தியாயர், தம் எதிரில் தலை குனிந்து நிற்கும் பணியர் குழந்தையைப் பற்றி என்ன தீர்மானம் செய்வார்?

இவ்வளவுக்கும் பிறகு ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. அதை ஸூஸன் பிலிப்ஸே எழுப்பியிருக்கிறார். ரிசர்வேஷன் பாடசாலையின் உபாத்தியாயர்கள் சிலர், அநுபவத்திலே குழந்தைகளின் சுபாவத்தை அறிந்து, எழுப்பிக் கேள்வி கேட்பதைக் குறைத்துக் கொண்டார்கள். குழந்தைகள் நன்றாகத்தான் படித்தார்கள். ஆனால் ஏழாம் வகுப்பில் மதராஸுக்குப் போனவுடன் அங்கே பழைய பிரசங்கமும் பழைய கேள்வியும் காத்திருந்தன. அவற்றுக்கு இந்தக் குழந்தைகள் பழகவே இல்லை. வீட்டு முறையையே பாடசாலையிலும் வைத்துக் கொண்டால் வெளி உலகத்தில் திகைப்பு. வெளி உலக முறையைச் சிறு வயதிலேயே திணித்தால் பாடசாலையிலேயே மௌனம். இரண்டையும் கற்றுக் கொடுக்க வேண்டும், எது எங்கே செல்லும் என்பதைக் குழந்தைக்கே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்பது நம்முடைய அபிப்பிராயம். மதராஸ் உபாத்தியாயர்களும் மூன்று விநாடி காத்திருக்கப் பழகினால் பாரம் முழுவதும் குழந்தையின் தலையில் விழாது.

வார்ம் ஸ்பிரிங்ஸ் ஜனங்கள் தங்களுக்குத் தெரிந்த வழியைப் பார்த்துக் கொண்டார்கள். 2014-ல் ரிசர்வேஷனுக்குள்ளே எட்டாம் வகுப்பு வரையில் புதிய பாடசாலை திறக்கப்பட்டது. மதராஸுக்குப் போகும் பஸ்ஸில் அந்தக் குழந்தைகள் இப்போது ஒன்பதாம் வகுப்பில்தான் ஏறுகிறார்கள்.